ஒன்பதாவது கேள்வி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரி, அப்பா மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகு வலி தேவலையா? அப்பாவின் காது மிஷினுக்கு பேட்டரி மாற்றினாயா? இங்கே நானும் உன் மாமாவும் நலம்.

நான் போன் எடுப்பதில்லை என்று நீ மாமாவிடம் குறைப்பட்டாயாம். போன் அடிப்பது கேட்கிறது. எடுக்க வேண்டும் என்றும் தெரிகிறது. கைதான் போவதில்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறேன், அதனால் இனி இப்படியே வைத்துக்கொள்வோம்.

பயிற்சியாளர் சங்கத்திலிருந்து சம்பவ அறிக்கைப் படிவம் வந்தது. கீழே செயலாளர் என்று உன் கையெழுத்து. மேலே "அன்புடையீர்" என்று என்னை விளித்திருந்தாய். மாமாவிடம் காட்டினேன். "பரவாயில்லை, உன்னைப் பார்த்து இவ்வளவு மரியாதையா அவன் பேசி நான் கேட்டதே இல்லை" என்றார்.

"நடந்தது என்ன" என்ற இடத்தில் அரைப் பக்கம் விட்டிருக்கிறீர்கள். உனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். மே 19, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால். கல்லூரி உள்ளரங்கம். பெண்கள் கூடைப்பந்து அணி, பதினான்கு பேர். கோடு தொடும் ஓட்டம்: இந்த முனைக் கோட்டிலிருந்து அந்த முனைக்கு ஓடி, குனிந்து கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மொத்தம் பத்து ரவுண்டு. ஊசி பத்தாவது ரவுண்டில் விழுந்தாள். நாங்கள் வைத்த பெயர்தான் ஊசி. ஒல்லியாக இருப்பாள், இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடுவாள். பத்தொன்பது வயது. ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. அதுவரை அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதை அப்படியே படிவத்தில் எழுதினால் போதுமா, இல்லை வேறு விதமாக எழுத வேண்டுமா என்று சொல்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முதுகு நின்றால் வலிப்பதில்லை, உட்கார்ந்தால்தான் வலிக்கிறது. செயலாளர் வேலையோ உட்காரும் வேலை. அப்பாவுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. இப்போது அவருக்கு வேண்டியது மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அவ சாப்பிடுறாளான்னு எழுதவே இல்லையே" என்றார்.

அக்கா, நீ பயப்படாதே. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு ஆட்டம் தோற்றதற்காக ஒரு பயிற்சியாளரை மைதானத்தில் வைத்தே வேலையை விட்டு அனுப்பினார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "நமக்குன்னு ஒரு சங்கம் வேணும்டா, இல்லன்னா நம்மள பந்து மாதிரி தட்டிக்கிட்டேதான் இருப்பாங்க" என்று நீதான் சொன்னாய். அன்று பதினோரு பேர். இன்று பயிற்சி வகுப்பு, உரிமம், நடத்தை விதி, வக்கீல் எல்லாம் இருக்கிறது. நீ கட்டிய வீடு. மழை பெய்யும்போது நீயே வெளியில் நிற்பாயா?

படிவத்தில் பார்த்ததை மட்டும் எழுது. நினைத்ததையெல்லாம் எழுத வேண்டாம். வருஷ ஆரம்பத்தில் வாங்கிய மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதல்லவா, அதன் நகலை வை. அந்தப் பெண் வீட்டுக்கு இப்போதைக்குப் போகாதே. மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்கிறார் வக்கீல். எனக்கும் இப்படி எழுத நன்றாக இல்லை, ஆனால் அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம். சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி எழுது, அப்பாவுக்காக.

தம்பி

*

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். சாப்பிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்.

படிவத்தை முந்தாநாள் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அரைப் பக்கம் போதாது என்று முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் ஏழு வரிதான் வந்தது.

போலீஸ் ஒரு தடவை வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். விசாரணை முடியும் வரை கல்லூரிப் பக்கம் வர வேண்டாம் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். பயிற்சிக்குப் போடும் மேல்சட்டைகள் என்னிடம்தான் இருந்தன. எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டேன். மறுநாள் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் துவைத்தேன். மூன்றாவது நாள் மாமா சோப்பை எங்கோ எடுத்து வைத்துவிட்டார்.

அணித் தலைவி வந்திருந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "கோச், அன்னிக்கு அவ உங்க பக்கத்துல நின்னு ஏதோ பேசிட்டு இருந்தாளே, என்ன சொன்னா?" என்று கேட்டாள். தண்ணீர் குடிக்கிறாயா என்று நான் கேட்டேன். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

உன் முதுகுக்கு நின்றுகொண்டே எழுதுகிற மாதிரி உயரமான மேஜை ஒன்று வாங்கேன்.

அக்கா

*

ஜூலை 10

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். மேஜை யோசனை நல்ல யோசனைதான். ஆபீஸ் பியூன், "நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டா எப்பவும் அவசரத்துல இருக்கிற மாதிரி தெரியுமே சார்" என்கிறார். நான் எப்பவும் அவசரத்தில் இருக்கிறவன்தானே.

விசாரணைக் குழு ஒரு தடவை கூடியது. மூன்று மூத்த பயிற்சியாளர்கள், ஒரு இதய மருத்துவர். நீ என் அக்கா என்பதால் நான் குழுவில் இல்லை. கடிதப் போக்குவரத்து மட்டும் என் வேலை. மருத்துவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டுச் சொன்னார்: பிறவியிலேயே இதயச் சுவர் தடிப்பு, சாதாரண சோதனையில் தெரியாது, படியேறும்போதுகூட வந்திருக்கலாம். மற்றவர்கள் பெருமூச்சு விட்டது எனக்கு வெளி அறையில் கேட்டது.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. படிவத்தில் ஒன்பதாவது கேள்வியை விட்டுவிட்டாய். "வீராங்கனை அன்றோ அதற்கு முன்போ உடல் அசௌகரியம் எதையாவது உங்களிடம் தெரிவித்தாரா?" அவசரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கும். காலியாக விட்டால் குழு கேட்கும். ஒரு வார்த்தைதான். "இல்லை" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு. படிவத்தின் அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு.

தம்பி

*

ஜூலை 14

தம்பிக்கு,

இங்கே நலம். நீ கேட்டபடி ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்றே அனுப்பிவிட்டேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஆகஸ்ட் 21

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நீயும் மாமாவும் நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இந்தச் செய்தியை நானே முதலில் சொல்ல வேண்டும் என்பதால் ஆபீஸ் கடிதத்துக்கு முன்னால் இதைப் போடுகிறேன்.

முடிந்தது. குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. "வீராங்கனை எவ்வித அசௌகரியத்தையும் பயிற்சியாளரிடம் தெரிவிக்காத நிலையில், பயிற்சியாளர் தரப்பில் கவனக்குறைவு ஏதும் இல்லை." உரிமம் அப்படியே இருக்கிறது. கல்லூரிக்கு ஒரு நகல் போயிருக்கிறது. விதிப்படி அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் ஒரு நகல் அனுப்பியாயிற்று.

அப்பாவிடம் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எனக்கு வாழ்த்துச் சொன்னார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

தலைவர் இன்னொன்றும் சொன்னார். நவம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம். "நெருக்கடியில் பயிற்சியாளரும் சங்கமும்" என்று ஒரு அமர்வு வைத்து, உன்னைப் பேச வைக்க வேண்டுமாம். "சங்கம் இருந்ததாலதான் நிமிர்ந்து நிக்கிறேன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை வந்தா, புதுசா ஐம்பது பேர் சேருவாங்க" என்கிறார். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

உடனே பதில் போடு. சந்தோஷமாக ஒரு பதில்.

தம்பி

*

செப்டம்பர் 19

அன்பு அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே தேய்ந்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன்.

மாமா நேற்றுப் பேசினார். நீ கல்லூரிக்குத் திரும்பிவிட்டாய் என்றதும் சந்தோஷப்பட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போறா. விசிலைக் கழுத்துல மாட்டிக்கிறா. ஆனா ஊதறதே இல்லையாம். உதவிக் கோச்தான் எல்லாம் பாத்துக்கிறார். இவ சுவரோரமா நாற்காலி போட்டு உக்காந்துட்டு, ஆறரைக்கு எந்திரிச்சு வந்துடறா." உன்னிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாயாம்.

அக்கா, குழு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னும் யார் சொல்ல வேண்டும்?

பொதுக்கூட்டத்துக்கு என்ன பதில் சொல்ல?

தம்பி

*

அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது. உன் இரண்டு கடிதத்துக்கு நான் ஒரு கடிதம் கடன்.

இன்னும் யார் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். நான்தான்.

அன்று எட்டாவது ரவுண்டு முடிந்ததும் ஊசி ஓட்டத்திலிருந்து விலகி என் பக்கம் வந்தாள். முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். உதவிக் கோச் எதிர்ப் பக்கம் இருந்தார்.

"கோச், நெஞ்சுல ஏதோ புடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"போன வாரமும் இதையேதான் சொன்ன. உக்கார வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல சிரிச்சுட்டு இருந்த" என்றேன்.

"இல்ல கோச், இன்னிக்கு..."

"இன்னும் ரெண்டுதான். முடிச்சுட்டு வந்து உக்காரு."

அவள் சரி என்று தலையாட்டினாள். முகம் சுளிக்கவில்லை. போய் ஒன்பதாவதை முடித்தாள். பத்தாவதில் பாதித் தூரம் போனாள்.

அதட்டிச் சொல்லவில்லை. தினமும் யாராவது ஒருத்தி ஏதாவது சொல்வாள். தினமும் நான் சொல்கிற பதில்தான் அது. அதனால்தான் அது என் வாயிலிருந்து வந்ததே எனக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் ஞாபகம் வந்தது.

ஒன்பதாவது கேள்வி என் கண்ணில் படாமல் போகவில்லை. உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் அந்தத் தாளை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ சொன்ன வார்த்தையை எழுதினேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எழுதிய கை என்னுடையது.

இதனுடன் புதிய வாக்குமூலம் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்பதாவது கேள்விக்குச் சரியான பதில். கடிதத்தைத் தம்பியாகப் படி. வாக்குமூலத்தைச் செயலாளராகக் கோப்பில் வை.

எனக்கு அழுகை வரவில்லை என்று மாமா கவலைப்படுகிறார். வயிற்றிலும் நெஞ்சிலும் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். வலி இல்லை.

அக்கா

*

அக்டோபர் 15

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை இந்தத் தடவை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "நலமாம்" என்று கத்தினேன். "அதுக்கா இத்தனை பக்கம்?" என்றார்.

நான்கு நாளாக உன் வாக்குமூலம் என் பையிலேயே இருந்தது. ஆபீஸுக்கு எடுத்துப்போனேன், திரும்பக் கொண்டுவந்தேன். உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றவில்லை. இப்போது இத்துடன் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். நான் அதைப் பார்க்கவில்லை.

திட்டாதே, கேள். நீ உட்காரச் சொல்லியிருந்தால் அன்று பிழைத்திருப்பாளா என்பது அந்த மருத்துவருக்கே தெரியாது. இதைக் கோப்பில் வைத்தால் விசாரணையைத் திரும்பத் திறக்க வேண்டும். உன் உரிமம் போகும், வேலை போகும். வழக்கு வரும். எழுநூறு பேர் நம்பியிருக்கிற சங்கத்தின் தீர்ப்பு பொய்யான பதிலின் மேல் நிற்கிறது என்று ஊர் பேசும். அந்தப் பதிலை எழுதச் சொன்னது செயலாளர், அவளுடைய தம்பி என்றும் பேசும். ஆமாம், என்னைப் பற்றியும்தான் யோசிக்கிறேன். யோசிக்காத மாதிரி உன்னிடம் நடிக்க முடியாது.

இன்னொன்று. "இன்னும் ரெண்டுதான்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பத்து வருஷமாக. என் அணிப் பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். உனக்கும் எனக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம்.

இதை விட்டுவிடு, அக்கா. காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

தம்பி

*

அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவும் நீங்களும் நலமாயிருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் விட்டுவிடத்தான் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். பிறகு வக்கீல் போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போனேன்.

ஊசியின் அம்மா ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறார். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே மொத்தமாக வரும். போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் வேலையை நிறுத்தவில்லை. அன்று கூட வேலை செய்கிறவர் வரவில்லை போல. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடித்துக்கொண்டிருந்தார். "அந்த முனையைப் புடிங்க" என்றார். பிடித்தேன்.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்று இழுத்து உதறுவது, அவர் என்னிடம் வந்து என் முனையை வாங்கிக்கொள்வது, நான் குனிந்து கீழ் மடிப்பை எடுப்பது. இப்படியே ஆறேழு விரிப்பு மடித்தோம். அவரே பேச ஆரம்பித்தார்.

"உங்க சங்கத்துல இருந்து லெட்டர் வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் படிக்கலை."

அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தேன்.

"அவ என்கிட்ட சொன்னா. ஒரு வாரம் முன்னாடி. அம்மா, ஓடும்போது நெஞ்சு புடிக்குதுன்னு. காலையில நேரத்துக்குச் சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டு வேலைக்கு வந்துட்டேன். உங்ககிட்ட சொல்லியிருப்பா, நீங்க பாத்துப்பீங்கன்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லவே இல்லைன்னு லெட்டர்ல போட்டிருக்கு. அப்ப என் ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கா. நான்தான் விட்டுட்டேன்."

விரிப்பு இரண்டு பேர் கையிலும் இருந்தது.

"உங்ககிட்ட சொல்லாத புள்ள இல்லையே அவன்னு தோணும். அப்புறம், லெட்டர்ல பொய்யா எழுதுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்" என்றார்.

தம்பி, நீ எழுதச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, நான் எழுதிய அந்த ஒரு வார்த்தை, எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பார். ஆகஸ்ட் மாதத்திலிருந்து அந்த அம்மாள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

சொல்லிவிட்டேன். "என்கிட்டயும் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. அன்னிக்கும் சொன்னா. இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடுன்னு நான்தான் சொன்னேன். லெட்டர்ல இருக்கிறது பொய். எழுதினது நான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து என் கையிலிருந்த முனைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். விரிப்பைத் தன் நெஞ்சோடு சேர்த்து மடித்து, அடுக்கின் மேல் வைத்தார்.

"போங்க" என்றார். நான் நகர்ந்த பிறகு, "இதை எழுதிக் குடுப்பாங்களா உங்க சங்கத்துல?" என்று கேட்டார்.

"வாங்கித் தர்றேன்" என்றேன்.

ஆகவே வாக்குமூலத்தை மறுபடி எழுதி, இந்த முறை பதிவுத் தபாலில் தலைவருக்கு அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒரு நகல் இத்துடன் இருக்கிறது. "இல்லை" என்று எழுதச் சொன்னது யார் என்பது அதில் இல்லை. அது நீ எழுத வேண்டிய வரி, அல்லது எழுத வேண்டாத வரி. நான் எழுத மாட்டேன்.

அக்கா

*

நவம்பர் 24

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். முதுகு இன்று வலிக்கவில்லை. நேற்று முழுக்க நின்றுகொண்டே இருந்தேன்.

பொதுக்கூட்டம் முடிந்தது. அந்த அம்மாளுக்கு நீ கொடுத்த வாக்கு எப்படி நிறைவேறியது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

தலைவர் உன் தபாலைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இது செயற்குழுவோட முடியட்டும். மேடைக்கு வேணாம்" என்றார். சரி என்றுதான் முதலில் தலையாட்டினேன். உன் அமர்வு ரத்தாகிவிட்டது, அந்த அரை மணி நேரம் காலியாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடாமலே எழுந்து மைக் முன்னால் போனேன். உன் வாக்குமூலத்தைப் படித்தேன். பிறகு, "'இல்லைன்னு எழுதி அனுப்பு'ன்னு இவங்களுக்குக் கடிதம் போட்டது நான். கேள்வியைக் கேட்கவேண்டிய ஆள் பதிலையும் சேர்த்து அனுப்பினேன்" என்று சொன்னேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன். ரயில் நேரம் படிக்கிற மாதிரி வந்தது. உன்னிடமிருந்து தொற்றிக்கொண்டதோ என்னவோ.

மண்டபத்தில் இருநூறு பேர். முன் வரிசையில் ஒரு மூத்த பயிற்சியாளர் எழுந்து, "நம்மளைக் காப்பாத்தத்தானே சங்கம்? நம்ம ஆளையே நாமளே காட்டிக் குடுக்கவா?" என்றார். கைதட்டினார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர், "போன வாரம் ஒரு பொண்ணு முட்டி வலிக்குதுன்னா. நடிக்காதேன்னு சொன்னேன். இப்ப அவ எங்க இருக்கான்னு போன் பண்ணிக் கேக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை.

மூன்று மணி நேரம் சண்டை. கடைசியில் விதி ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது: உடம்பு முடியவில்லை என்று ஆட்டக்காரர் சொன்னால் பயிற்சியாளர் அந்தக் கணமே உட்கார வைக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, மருத்துவர் பார்க்காமல் அன்று திரும்ப இறக்கக் கூடாது. ஆதரவு 104, எதிர்ப்பு 93. நிறைவேறியது.

இனி உன் விஷயம். உரிமம் இரண்டு வருஷம் நிறுத்தம். முறையான கடிதம் தனியாக வரும். இந்தத் தடவையும் "அன்புடையீர்"தான், ஆனால் கையெழுத்து என்னுடையது இல்லை. செயலாளர் பதவியிலிருந்து என்னை விலகச் சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கு வருமா என்று தெரியாது. வக்கீல் என்னோடு பேசுவதில்லை.

பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். அந்த அம்மாளுக்கு. பழைய கடிதம் ரத்து என்றும், உங்கள் மகள் தன் பயிற்சியாளரிடம் இரண்டு முறை சொன்னார், அது கேட்கப்படவில்லை என்றும். தலைவர் கையெழுத்திட்டார். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் இட்டார்.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். மிஷினைச் சரி செய்துகொண்டு முழுக்கக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் வேலை போச்சா?" என்றார். "எனக்குப் பதவி மட்டும்தான்" என்றேன். "அவளை இங்க வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

என்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. வக்கீல் சொன்னதற்காக இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம்தானே? இங்கே சுகம். உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. உன் மேல் கோபம் இல்லை. எழுத உட்காருவேன், பேனா இருக்கும், தாள் இருக்கும். நேரம் போய்விடும்.

அந்த அம்மாளிடம் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒப்புகை அட்டையைப் புதுச் செயலாளர் எனக்கு அனுப்பியிருந்தார். அட்டையில் பெயரும் தேதியும் மட்டும். அவரிடமிருந்து வேறு எதுவும் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு நாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தார். ஒதுங்கிப் போகவில்லை, நிற்கவும் இல்லை.

கல்லூரி என்னை அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறது. விண்ணப்பங்களை அடுக்குகிறேன். மாமா நன்றாக இருக்கிறார். போன வாரம் உதவிக் கோச் வந்து, இப்போது அவர்தான் கோச், ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை, வருகிறீர்களா என்று கேட்டார். அதற்கு உரிமம் வேண்டாமாம். போனேன்.

வெளியூர் அணி ஒன்று. கடைசிக் கால் பகுதியில் சமமாக இருந்தது. இன்னும் மூன்று நிமிஷம். நம் அணியில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பெண், நான் ஊருக்குள் பார்த்ததே இல்லாத புதுப் பெண், கையைத் தூக்கினாள். "கோச், முடியலை" என்றாள். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வாய் திறந்து ஒரு வார்த்தை வரை வந்துவிட்டது. மூடிக்கொண்டார். அவளை வெளியே எடுத்து உட்கார வைத்தார். மருத்துவர் வந்து நாடி பிடித்தார், ஏதோ கேட்டார்.

ஒன்றுமில்லையாம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். ஆனாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாதல்லவா. இறக்கவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றோம்.

முடிந்ததும் அவர் என் மேஜைப் பக்கம் வந்தார். "உங்க விதியாலதான் தோத்தோம்" என்றார். விளையாட்டாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை.

"ஆமா" என்றேன்.

கடைசி மூன்று நிமிஷ ஸ்கோரை நான் சரியாக எழுதவில்லை என்று பிறகு தெரிந்தது. எதிரணிப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தம்பி. அந்தப் பெண் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து யாரோ கொடுத்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் தின்று முடிக்கும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா